கொடிமலையின் இனிப்பு: சாமோஸ் தீவும் அதன் மஸ்கட் வைனும்

கிழக்கு ஏஜியன் கடலில், துருக்கிக் கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீரிணையால் மட்டும் பிரிந்து கிடக்கிறது சாமோஸ் தீவு. பித்தகோரஸ் பிறந்த மண் என்றும், ஹேரா தேவியின் பெருங்கோயில் நின்ற இடம் என்றும் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர் அது. தீவின் நடுவே 1,150 மீட்டர் வரை உயரும் மலைக்கு ஆம்பெலோஸ் என்று பெயர்; கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குத் திராட்சைக்கொடி என்று பொருள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோவும் இந்த மலையை அதே பெயரால்தான் குறிப்பிடுகிறார். ஆனால் அதே ஸ்ட்ராபோ, சாமோஸ் மற்ற எல்லா வகையிலும் பேறு பெற்ற நாடு என்று சொல்லிவிட்டு, வைன் ஒன்றில் மட்டும் அதற்குக் கொடுப்பினை இல்லை என்கிறார். அக்கம்பக்கத்துத் தீவுகளான கியோஸிலும் லெஸ்போஸிலும் கோஸிலும் நல்ல வைன் கிடைக்க, கொடியின் பெயரைத் தாங்கிய மலையுள்ள தீவில் மட்டும் அது கிடைக்கவில்லை என்பது அவருக்கே விந்தையாகப் பட்டிருக்க வேண்டும்.

இன்று நிலைமை நேர்மாறு. ஆம்பெலோஸ் மலையின் சரிவுகளில் விளையும் வெள்ளை மஸ்கட் திராட்சையிலிருந்து எடுக்கும் இனிப்பு வைன்தான் சாமோஸின் பெயரை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகும் சரக்கு. கிரேக்க வைன் என்றதும் சான்டொரினி, நெமேயா ஆகிய வைன் பகுதிகளைப் பேசுகிறவர்கள் சாமோஸை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இனிப்பு வைன் தானே என்ற அலட்சியம் அதில் இருக்கிறது. ஸ்ட்ராபோவின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையில் அந்தத் தீவின் வானமும் மண்ணும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு திராட்சை ரகம் வந்தது, மலையைப் படிகளாக வெட்டிச் சுவர் எழுப்பிய குடியேறிகள் வந்தார்கள், பிறகு விளைச்சல் முழுவதையும் ஒரே கையில் சேர்த்த ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது. சாமோஸ் வைனை இயற்கையின் கொடை என்று விளம்பரங்கள் சொல்லலாம். உண்மையில் அது மனித உழைப்பும் சட்டமும் சேர்ந்து உண்டாக்கிய பொருள், அந்த உழைப்புக்குக் கூலி கட்டுபடியாகாத நாளில் காணாமல் போகக்கூடிய பொருளும்கூட.

குடியேறிகளின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடற்கொள்ளையும் ஒட்டோமான் படையெடுப்பின் அச்சமும் சேர்ந்து சாமோஸைக் கிட்டத்தட்ட ஆளற்ற தீவாக்கிவிட்டன; அப்போது அதை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் மக்களில் பலரைக் கியோஸ் தீவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஏறத்தாழ நூறாண்டு காலம் தீவு காடு பிடித்துக் கிடந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒட்டோமான் கடற்படைத் தலைவர் கிலிச் அலி பாஷா வரிச்சலுகை அளித்துப் பல பகுதிகளிலிருந்தும் கிரேக்கக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சில ஊர்ப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. ஆசியா மைனரின் வூர்லாவிலிருந்து வந்தவர்கள் அமைத்த ஊர் வூர்லியோடெஸ்; லெஸ்போஸின் மிதிலினியிலிருந்து வந்தவர்களின் ஊர் மிதிலினீ. காடாகிப் போன மலையை மறுபடி விளைநிலமாக்கிய இந்த மக்களின் காலத்துக்குப் பிறகுதான் மஸ்கட் கொடி சாமோஸின் அடையாளமாக உருவெடுக்கிறது.

மஸ்கட் என்ற பெயரைக் கேட்டதும் ஓமன் தலைநகர் நினைவுக்கு வருவது இயல்பு; இரண்டுக்கும் தொடர்பில்லை, கஸ்தூரி மணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து திராட்சையின் பெயர் வந்தது என்பதே பொதுவான கருத்து. மஸ்கட் என்பது ஒரு ரகத்தின் பெயரும் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சாமோஸில் விளைவது அந்தக் குடும்பத்தின் மூத்த கிளையான சிறுமணி வெள்ளை மஸ்கட். தமிழ் வாசகர்களுக்கு இதன் மணத்தை விளக்க நீண்ட வருணனை தேவையில்லை, ஏனென்றால் இதன் பேரப்பிள்ளை நம்மூர்ச் சந்தையில் கிடைக்கிறது. சிறுமணி மஸ்கட் வேறொரு ரகத்தோடு கலந்து பிறந்தது அலெக்சாந்திரியா மஸ்கட் என்றும், அது கறுப்புத் திராட்சை ரகம் ஒன்றோடு கலந்து பிறந்தது மஸ்கட் ஹாம்பர்க் என்றும் மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மஸ்கட் ஹாம்பர்க்தான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்ற பெயரோடு பந்தலில் தொங்குவது, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பன்னீர் என்று நம் விவசாயிகள் வைத்த பெயரில் வேதியியலும் அடங்கியிருக்கிறது. மஸ்கட் திராட்சையின் தோலில் செறிந்திருக்கும் லினலூல், ஜெரானியால், நெரோல் ஆகிய மணப்பொருள்களில் பின்னிரண்டும் ரோஜாப்பூவின் மணத்திலும் முக்கியப் பங்கு வகிப்பவை. பெரும்பாலான வைன் ரகங்கள் நொதித்த பிறகு திராட்சை வாசனையை இழந்து வேறு மணங்களுக்கு மாறிவிடுகின்றன. வைனான பிறகும் திராட்சையாகவே மணக்கும் அரிய ரகம் மஸ்கட்.

அந்த மணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. கடும் வெயிலில் பழம் சீக்கிரம் பழுத்தால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், மணம் மழுங்கும். பழத்தில் சர்க்கரை நிறைந்திருக்கவும் வேண்டும், மணமும் புளிப்பும் தங்கவும் வேண்டும் என்றால் பகலில் வெயிலும் இரவில் குளிர்ச்சியும் கிடைக்கும் இடம் வேண்டும். சாமோஸில் அதற்குக் கிடைத்த விடை உயரம். கடலோரச் சமவெளியில் தொடங்கி ஏறத்தாழ 800, 900 மீட்டர் வரை கொடிகள் ஏறிப் போயிருக்கின்றன. கோடை மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி என்ற உலர்காற்று வடசரிவுகளில் நேராக மோதி, கொத்துகளில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. பூஞ்சை நோய்க்கு அஞ்சும் மஸ்கட்டுக்கு அது பெரிய துணை. ஆகஸ்ட் முற்பகுதியில் கடலோரத்தில் தொடங்கும் அறுவடை, மலையில் படிப்படியாக ஏறி, செப்டம்பரின் பிற்பகுதியில்தான் உச்சித் தோட்டங்களை எட்டுகிறது. ஒரே ரகம், ஒரே தீவு, ஆனாலும் கீழ்த்தோட்டத்துக்கும் மேல்தோட்டத்துக்கும் இடையே பல வார இடைவெளி.

உயரத்தில் பயிரிட வேண்டும் என்று முடிவுசெய்வது எளிது, ஆனால் சரிவில் மண் நிற்காது. இங்கேதான் தீவின் பெருஞ்செல்வமான பெசூலா வருகிறது. மலைச்சரிவைக் குறுக்காக வெட்டி, கற்களை அடுக்கிச் சுவரெழுப்பி, அதன் பின்னால் மண்ணை நிரப்பிப் பெறும் குறுகிய தட்டு நிலத்துக்கு அந்த ஊரில் பெசூலா என்று பெயர். பல தட்டுகளில் ஒரு வரிசைக் கொடிக்கோ இரண்டு வரிசைக்கோ மட்டுமே இடமிருக்கும். சுவரில் சாந்து கிடையாது. பெரிய கற்கள் அடியில், சிறியவை மேலே, சுவர் முழுவதும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்; முகப்புக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் சில்லுக்கற்களைத் திணித்து வைப்பார்கள். சாந்து இல்லாததே அதன் வலிமை. குளிர்கால மழை மண்ணில் இறங்கி, மிஞ்சிய நீர் கல்லிடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிவிடுவதால் சுவரின் முதுகில் நீரழுத்தம் சேர்வதில்லை. சிமென்ட் பூசிய சுவராக இருந்தால் நான்கைந்து பெருமழையில் வயிறு புடைத்து உடைந்துவிடும். இப்படிக் கசியவிட்டும் மண்ணுக்குள் தங்குகிற ஈரம்தான் மழையே இல்லாத கோடையில் கொடிக்கு உயிர்.

ஆனால் சாந்தில்லாத சுவர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்காவது ஓரிடத்தில் சரியும். ஆடு ஏறினாலோ, பெருமழை பெய்தாலோ, வேர் பெருத்தாலோ ஒரு முழ நீளத்துக்குக் கல் உதிர்ந்து கிடக்கும். அந்த ஆண்டே எடுத்து அடுக்கினால் ஒருவருக்கு அரைநாள் வேலை. இரண்டு மூன்று ஆண்டு விட்டால் உதிர்ந்த இடத்தின் வழியே மண் கீழ்த்தட்டுக்கு இறங்கி, கீழ்ச்சுவரையும் சேர்த்துத் தள்ளிவிடும்; பிறகு அதைச் சரிசெய்ய ஒரு குடும்பத்தால் முடியாது. சாந்தில்லாக் கல்லடுக்குக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது; அதற்கு விண்ணப்பித்த 8 நாடுகளில் கிரேக்கமும் ஒன்று. பட்டியலில் இடம் பெற்றதால் சுவருக்குப் பெருமை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த அரைநாள் கூலியைத் திராட்சையின் விலைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தட்டுகளில் கொடி வளர்க்கும் முறையும் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிது. பந்தல் இல்லை, கம்பி இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கட்டையான தண்டு, அதன் உச்சியில் கிண்ணம்போல் விரியும் நான்கைந்து கைகள். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் கைகளின் நுனியில் ஓரிரு மொட்டுகளை மட்டும் விட்டுக் கவாத்துச் செய்கிறார்கள். வெளியே பரவும் தளிர்கள் குடைபோல் கவிந்து கொத்துக்கு நிழல் தருகின்றன. தாழ்வாக இருப்பதால் காற்று முறிப்பதில்லை. விளைச்சல் குறைவு என்பதால் கிடைக்கும் சிறிதளவு நீரே போதும். டிராக்டர் நுழைய வழியில்லாத நிலம் என்பதால் கொத்துவதும் மருந்தடிப்பதும் பறிப்பதும் கையால்தான். பறித்த பழத்தைக் கூடைகளில் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள வண்டிப்பாதை வரை நடக்க வேண்டும். முன்பு கழுதையும் கோவேறு கழுதையும் செய்த வேலையை இப்போது சிறு சரக்கு வண்டிகள் பாதை எட்டும் இடங்களில் மட்டும் செய்கின்றன. அதற்கு மேல் நிலம் துண்டு துண்டாகக் கிடப்பது வேறு. கிரேக்கத்தில் நிலத்தை ஸ்ட்ரெம்மா என்ற அளவில் சொல்வார்கள், ஒரு ஸ்ட்ரெம்மா ஏறத்தாழ நம்முடைய 25 சென்ட். சாமோஸின் பெரும்பாலான குடும்பங்கள் வைத்திருப்பது சில ஸ்ட்ரெம்மாக்கள் மட்டுமே, அதுவும் மலையின் வெவ்வேறு மூலைகளில்.

இவ்வளவு சிறிய நிலக்காரர்களின் பழம் எப்படி உலகச் சந்தைக்குப் போனது என்பதில்தான் இந்தத் தீவின் கதை அரசியலாகிறது. 1830களிலிருந்து 1912 வரை சாமோஸ் ஒட்டோமான் சுல்தானின் மேலாண்மையின் கீழ், கிறிஸ்தவ இளவரசர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடாக இருந்தது. அதன் பிறகே கிரேக்கத்தோடு இணைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது, மேற்கு ஐரோப்பிய வணிகர்கள் வைனைத் தேடிக் கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு வந்தார்கள். சாமோஸுக்கு அது பொற்காலம். ஆனால் 1892இல் அதே பூச்சி சாமோஸுக்கும் வந்து சேர்ந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் மஸ்கட்டை ஒட்டுக்கட்டிப் புதிதாக நட வேண்டியதாயிற்று. மலைத்தட்டுகளில் கொடியைத் தோண்டியெடுத்து மறுபடி நடுவது என்பது ஒரு தலைமுறையின் சேமிப்பை விழுங்கும் வேலை.

கொடி திரும்பி வந்தது, பேரம் பேசும் வலிமை வரவில்லை. திராட்சை பறித்த பிறகு காத்திருக்க முடியாத பழம். இரண்டு நாள் தாமதித்தால் கூடையிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். மலையிலிருந்து பழத்தைத் துறைமுகம் வரை இறக்கிக் கொண்டுவந்த விவசாயி, அங்கிருக்கும் சில வணிகர்கள் சொல்லும் விலையை ஏற்பதைத் தவிர வேறு வழியற்றவராக இருந்தார். பீப்பாயும் நிலவறையும் கப்பல் தொடர்பும் வணிகர் கையில். கல்லும் கொடியும் வெயிலும் விவசாயி கையில். இந்த ஏற்றத்தாழ்வு எந்த விளைபொருள் சந்தையிலும் இருப்பதுதான் என்றாலும், சேமித்து வைக்க முடியாத பழத்தில் அது மிகக் கொடிதாக வேலை செய்கிறது.

1934இல் பிறந்த சாமோஸ் திராட்சை விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியம் இந்த நிலைமைக்குக் கிடைத்த பதில். இருபதுக்கும் மேற்பட்ட கிராமச் சங்கங்கள் அதில் இணைந்தன. சட்டமே அதைக் கட்டாயமாக்கியது என்பதுதான் அதன் தனித்தன்மை. தீவில் திராட்சை பயிரிடும் எவரும் உறுப்பினர் ஆகியே தீர வேண்டும், விளைச்சல் முழுவதையும் ஒன்றியத்திடமே ஒப்படைக்க வேண்டும், மஸ்கட் வைனைத் தயாரித்து விற்கும் உரிமை ஒன்றியத்துக்கு மட்டுமே. விருப்பமானவர்கள் மட்டும் சேரும் சங்கமாக இருந்திருந்தால், வணிகர்கள் முதல் ஆண்டு சில காசுகள் கூட்டிக் கொடுத்துப் பெரிய விவசாயிகளை இழுத்துச் சங்கத்தை உடைத்திருப்பார்கள். கட்டாயம் அந்த வழியை அடைத்தது. தலைநகர் வத்தியை ஒட்டிய மலகாரியிலும் மேற்கே கார்லோவாசியிலும் ஒன்றியத்தின் இரண்டு பெரிய ஆலைகள் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்குச் சாமோஸ் வைன் என்றால் இந்த ஒன்றியத்தின் வைன் என்றே பொருள். ஆயிரக்கணக்கான சிறு தட்டுகள் அந்த நூற்றாண்டைத் தாண்டி வந்ததற்கு, என்னைக் கேட்டால், காற்றையும் உயரத்தையும்விட இந்தச் சட்டத்துக்கே பெரும் பங்கு உண்டு.

இனி வைனைப் பார்ப்போம். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதே நொதித்தல். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாகிறது. ஈஸ்டை அதன் போக்கில் விட்டால் சர்க்கரை முழுவதும் தீர்ந்து இனிப்பற்ற வைன் கிடைக்கும். இனிப்பை நிறுத்தி வைக்க வேண்டுமானால் ஈஸ்டை இடையில் தடுக்க வேண்டும். எந்தக் கட்டத்தில், எதைக் கொண்டு தடுப்பது என்பதில்தான் சாமோஸின் வைன்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. பிரெஞ்சுச் சந்தையை நோக்கியே வளர்ந்த தொழில் என்பதால் வகைகளின் பெயர்களும் பிரெஞ்சு மொழியில் அமைந்துவிட்டன.

எளிய வகையான வான் தூவில், சாறு நொதிக்கத் தொடங்குவதற்கு முன்பே திராட்சையிலிருந்து வடித்த ஆல்கஹாலைச் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஈஸ்டுக்கு வேலையே கிடைப்பதில்லை. பழத்தின் இனிப்பு முழுவதும், பறித்த அன்றைய மணத்தோடு, அப்படியே புட்டியில் அடைபடுகிறது. கிரான் க்ரூ என்பது உயரமான, விளைச்சல் குறைந்த தட்டுகளின் பழத்துக்கென ஒதுக்கிய வகை. அதில் நொதித்தலை ஓரளவு நடக்கவிட்டுப் பிறகு ஆல்கஹால் சேர்த்து நிறுத்துவதால், இனிப்பு சற்றுக் குறைந்து, நொதித்தலில் பிறக்கும் நயங்களும் கூடுகின்றன. ஆந்தெமிஸ் என்ற வகை ஓக் மரப்பீப்பாயில் 5 ஆண்டுகள் கிடந்து, பொன்னிறத்திலிருந்து தேன்பாகு நிறத்துக்கு இறங்குகிறது. பீப்பாயின் மரத்துளைகள் வழியே மெல்ல நுழையும் காற்று மஸ்கட்டின் பூமணத்தைத் தளர்த்தி, அந்த இடத்தில் உலர்பழ மணத்தைக் கொண்டுவருகிறது.

இவை எல்லாவற்றிலும் பழமையான முறையைப் பின்பற்றுவது நெக்டார். அதில் வெளியிலிருந்து ஆல்கஹால் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. நன்றாகப் பழுத்த கொத்துகளைப் பறித்து, வெயில் விழும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்பி, நாள்கணக்கில் காயவிடுகிறார்கள். மொட்டைமாடியில் மிளகாயும் வடகமும் காயவைத்தவர்களுக்கு இதில் உள்ள கவலை புரியும். ஒருநாள் மழைத்தூறல் விழுந்தால் போதும், அத்தனையும் பூஞ்சை பிடித்துவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் பிழிய ஒன்றும் இருக்காது. மணிகள் சுருங்கத் தொடங்கி, பச்சை கலந்த மஞ்சள் தோல் செம்பழுப்பாக மாறி, விரலால் அழுத்தினால் சாறு தெறிக்காமல் பிசுபிசுப்பாக ஒட்டும் பதத்தில் எடுத்துப் பிழிகிறார்கள். கிடைப்பது சிறிதளவு, ஆனால் பாகுபோல் செறிந்த சாறு. அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்டே திணறுகிறது. மெதுவாக நொதித்து, ஆல்கஹால் ஏறத்தாழ 14 சதவீதத்தை எட்டும்போது தானாகவே ஓய்ந்துவிட, மீதச் சர்க்கரை வைனில் தங்கிவிடுகிறது. பிறகு பல ஆண்டுகள் மரப்பீப்பாயில். புட்டியிலிருந்து குவளைக்கு வரும்போது அது காய்ச்சிய கருப்பட்டிப் பாகின் நிறத்தில் இருக்கும். பேரீச்சையும் உலர்த்திய ஆரஞ்சுத் தோலும் கலந்த மணத்தின் அடியில், தேடினால் மட்டும் பிடிபடும் அளவில், அந்தப் பழைய பன்னீர் மணமும் இருக்கும்.

இந்த வைன்களுக்கு நீண்ட நாளைய வாடிக்கையாளர்கள் இரண்டு தரப்பினர். ஒன்று கத்தோலிக்கத் திருச்சபை. திருப்பலியில் பயன்படும் திராட்சை இரசம் திராட்சைப் பழத்திலிருந்தே வந்த இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். திறந்த புட்டியிலிருந்து தினமும் சில துளிகள் மட்டுமே எடுக்கும் பங்குக்கோயிலுக்கு, சாதாரண வைன் சில நாளில் புளித்துவிடும். இனிப்பும் ஆல்கஹாலும் மிகுந்த சாமோஸ் வைன் வாரக்கணக்கில் தாங்கும். ஐரோப்பாவின் பல தேவாலயங்களுக்கு அது திருப்பலி வைனாகப் போனதற்கு இந்த எளிய நடைமுறைக் காரணமே போதும். இன்னொருவர் பிரெஞ்சு நுகர்வோர். உணவுக்கு முன் சிறு குவளையில் இனிப்பு வைன் அருந்துவதும், சமையலில் ஊற்றுவதும் அவர்கள் பழக்கம். கிரேக்கத்துக்குள்ளேயே மெடாக்சா என்ற புகழ்பெற்ற மதுவகையில் கலக்கும் மஸ்கட் வைனும் சாமோஸிலிருந்து போகிறது. வாங்குபவர் பெரியவராகவும் நிலையானவராகவும் இருந்ததால் ஒன்றியத்தின் விளைச்சல் தேங்கவில்லை. ஆனால் மொத்தமாக விற்கும் பண்டத்துக்கு மொத்த விலைதான் கிடைக்கும் என்ற பொறியும் அதிலேயே இருந்தது.

1970களின் தொடக்கத்தில் கிரேக்கம் தன் வைன் பகுதிகளுக்கு இடப்பெயர் உரிமை, அதாவது ஓர் ஊரின் பெயரை விதிப்படி செய்த அவ்வூர் வைன் மட்டுமே தாங்கும் உரிமை, வழங்கும் முறையை அமைத்தபோது, உயர்ந்த தகுதியைச் சில இனிப்பு வைன்களுக்குத் தனியாக ஒதுக்கியது; இனிப்பற்ற வைன் புட்டிகளின் வாயில் சிவப்புப் பட்டை ஒட்டுவார்கள், இந்த இனிப்பு வைன்களுக்கு நீலப் பட்டை. நீலப் பட்டை பெற்றவற்றில் சாமோஸ் முன்னணியில் நின்றது. அன்று கௌரவமாக இருந்த இந்த ஏற்பாடு பின்னாளில் வேறொரு விளைவைத் தந்தது. அதே தட்டின் அதே மஸ்கட் பழத்தை முழுவதும் நொதிக்கவிட்டு இனிப்பில்லாத வைனாகச் செய்தால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், சாமோஸ் என்ற பாதுகாக்கப்பட்ட இடப்பெயரோடு விற்க முடியாதிருந்தது. ஏஜியன் கடல் என்பது போன்ற பரந்த பெயரின் கீழ்தான் அதை விற்க வேண்டியிருந்தது. உலகெங்கும் இனிப்பு வைன் அருந்துவோர் குறைந்துகொண்டே வரும் காலத்தில், தீவின் பெயர் சுருங்கிவரும் சந்தையோடு மட்டும் கட்டிவைக்கப்பட்டிருந்தது.

கட்டாயச் சங்கத்தின் கதையும் இதே காலத்தில் திரும்பியது. தாங்களே வைன் தயாரித்து விற்க விரும்பிய இரண்டு திராட்சை விவசாயிகள் ஒன்றியத்திலிருந்து விலக அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, கிரேக்க நீதிமன்றங்களில் வழக்காடி, முடிவில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை அடைந்தார்கள். வைனின் தரத்தையும் விவசாயிகளின் வருவாயையும் காப்பதற்கே இந்தக் கட்டாயம் என்பது அரசின் வாதம். 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் அந்த நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை அடைய இருக்கும் வழிகளில் மிகக் கடுமையானதை அரசு தேர்ந்திருக்கிறது, கட்டாய உறுப்பினர் முறை சங்கம் அமைக்கும் சுதந்திரத்தை மீறுகிறது என்று கூறியது. அதன் பிறகு உறுப்பினர் முறை விருப்பத்துக்குரியதாக மாறியது. தனியார் ஆலைகளுக்கும், தம் தோட்டத்துப் பழத்தைத் தாமே புட்டியில் அடைப்பவர்களுக்கும் வழி திறந்தது.

இந்தத் தீர்ப்பை ஒன்றியத்தின் தோல்வியாகப் படிப்பது சரியல்ல என்றே நினைக்கிறேன். 1934இல் நான்கைந்து வணிகர்கள் முன் நின்ற விவசாயியைக் காக்கத் தேவைப்பட்ட வேலி, எண்பது ஆண்டுகள் கழித்து அந்த விவசாயியின் பேரன் தன் தட்டின் பழத்தைத் தனியாகச் சுவைத்துப் பார்க்கக்கூடத் தடையாக நின்றது. எல்லாப் பழமும் ஒரே தொட்டியில் சேரும்வரை, 700 மீட்டரில் ஒரு வரிசைக் கொடிக்காகச் சுவர் கட்டுபவரின் உழைப்புக்கும் கடலோரச் சமவெளியில் விளைவிப்பவரின் உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புட்டியில் காண்பது கடினம். தோட்டம்வாரியாக, உயரம்வாரியாகப் பிரித்துச் செய்யும் வைன்களில் அந்த வேறுபாடு தெரிகிறது. உயர்தட்டுப் பழத்தைச் சற்று முன்னதாகப் பறித்து, குளிரவைத்த தொட்டியில் மெதுவாக நொதிக்கவிட்டால், மஸ்கட்டின் இயல்பான கடைக்கசப்பு அடங்கி, எலுமிச்சைத் தோலின் கூர்மையோடு இனிப்பற்ற வைன் கிடைக்கிறது. புதிய தலைமுறை உற்பத்தியாளர்களின் கவனம் அதில்தான். அவர்கள் முயற்சி வெல்ல வேண்டும். அதே வேளையில், இனிப்பற்ற வைன் பல நாடுகளில் பல ரகங்களில் கிடைக்கும், நெக்டாருக்கு மாற்று எளிதில் கிடைக்காது என்பதையும் அவர்கள் மறந்துவிடக் கூடாது. ஒன்றை வளர்க்க மற்றொன்றைக் கைவிடுவது சாமோஸுக்குக் கட்டுபடியாகாத செலவு.

எதைத் தயாரித்தாலும் கடைசிக் கணக்கு தட்டுகளில்தான் முடிகிறது. மேல்தட்டில் ஒரு கூடை பழம் பறிக்கச் சமவெளியைப் போலப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விலை என்றால் முதலில் கைவிடப்படுவது மேல்தட்டுதான், அதாவது நல்ல வைனுக்கு ஆதாரமான இடம்தான். இளையவர்கள் ஏதென்ஸுக்கோ, கோடைச் சுற்றுலாத் தொழிலுக்கோ போய்விட, முதியவர்கள் கைவிட்ட தட்டுகளில் முதலில் முட்புதரும் பிறகு பைன் மரங்களும் ஏறுகின்றன. கொடியும் கொத்திய மண்ணும் இருந்தவரை நெருப்பைத் தடுக்கும் இடைவெளியாக இருந்த நிலம், காடானதும் நெருப்புக்குத் தீனியாகிறது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தீவின் மிகப் பெரிய பரப்பை எரித்த காட்டுத்தீயைச் சாமோஸ் மக்கள் மறக்கவில்லை. ஆகவே மேல்தட்டுப் பழத்துக்குத் தனி விலை தருவது வைன் சுவைஞர்களின் ஆடம்பரம் அல்ல. மண்ணரிப்பையும் தீயையும் தடுக்கும் மலைப் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதி அது.

செப்டம்பர் இறுதியில் உச்சித் தோட்டங்களின் கடைசிக் கூடைகள் வண்டிப்பாதைக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தின் முதல் பெருமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். வூர்லியோடெஸுக்கு மேலே, இன்னும் உழைக்கப்படும் தட்டுகளில், அந்த வாரங்களில்தான் உதிர்ந்த கற்களைப் பொறுக்கி, பெரியதை அடியிலும் சிறியதை மேலேயும் வைத்து, இடுக்குகளில் சில்லுகளைத் திணித்து, சுவரை மறுபடி மலைப்பக்கம் சாய்த்து எழுப்ப வேண்டும்.